எடுக்கக் கூடாத அழைப்பு

இதை எனக்குச் சொன்னது முனீஸ்வரி இல்லை. அவளோடு ஸ்பெயினுக்குப் போய், ஒரே வீட்டில் பக்கத்து அறையில் தங்கியிருந்த மெர்சி சொன்னாள். அடுத்த ஆண்டு அதே செமஸ்டருக்கு, அதே ஊருக்கு என் பெயர் வந்திருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், போகலாமா வேண்டாமா என்று பயந்து பயந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தபோது மெர்சி, "சாப்பாடு, குளிரெல்லாம் பழகிரும்டி. நான் வேற ஒண்ணு சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தாள். முனீஸ்வரி பிற்பாடு ஒரு ரயில் பயணம் முழுக்க அவளிடம் பேசியிருக்கிறாள். அந்த மத்தியானம் முனீஸ்வரியின் தலைக்குள் ஓடியது இதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மெர்சிக்கு நினைவிருந்தது கொஞ்சம். அவள் விட்ட இடங்களை என் பயத்தை வைத்து அடைத்திருக்கிறேன்.

ஸ்பெயினில் அந்த ஊருக்குப் பெயர் சமோரா. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஊரே ஷட்டரை இறக்கிவிடும். கடைகள் மட்டுமல்ல, வீடுகளும். ஜன்னலுக்கு வெளியே கடை ஷட்டர் போலவே ஒன்று சுருண்டிருக்கும், நாடாவை விட்டால் கடகடவென்று விழுந்து பகலை வெளியே தள்ளிவிடும். முனீஸ்வரி அந்த இருட்டில் கட்டிலில் மல்லாந்து, போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இன்னும் அடிக்கவில்லை, இன்னும் அடிக்கவில்லை என்று கிடந்தாள். சாயங்காலம் வாய்மொழித் தேர்வு. படித்ததெல்லாம் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது, வீட்டுக்காரம்மாள் என்கார்னா போட்ட பருப்பு மாதிரி. அதுவும் பருப்புதான், ஆனால் அதில் சிவப்பாகக் கறித்துண்டுகள் மிதக்கும், புளி இருக்காது, வாய்க்குள் போகும்வரை ஊர்ப் பருப்பு, போன பிறகு வேற்றூர்ப் பருப்பு. "முனி, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் எப்படி? என் பருப்பு உனக்கு என்ன கெடுதல் செய்தது?" "பசியில்லை, செஞோரா." "பரீட்சை பயம். போய்ப் படு மகளே. ஐந்து மணிக்கு முன்னால் இந்தத் தெருவில் பிசாசுகூட எழுந்திருக்காது." மெர்சி தமிழில், "இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சுரும்" என்று சிரித்தாள், என்கார்னாவும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். முனீஸ்வரியும் சிரித்தாள். சிரிக்கும்போதே நினைத்தாள், அப்பா செத்துப் போயிருந்தால் நான் இப்போது சிரித்தது எத்தனையாவது நாள் சிரிப்பு? அப்படி நினைத்த உடனே அதை அழிக்க வேண்டும் போலிருந்தது. அழியவில்லை. எழுந்து தட்டைக் கழுவினாள், கைதுடைத்தாள், அறைக்கு வந்து நாடாவை விட்டாள். அப்பா செத்துப் போயிருந்தால். அந்த வாக்கியம் ஷட்டருக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டது.

மிஸ்டு கால் ஏற்பாடு அப்பா செய்ததுதான். சிவகாசி பஸ் ஸ்டாண்டில், சென்னைக்குப் போகிற பஸ்ஸின் வயிற்றுக்குள் பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து, "தெனமும் ஒரு மிஸ்டு கால் வரும் தாயி. எடுத்துறாத. அடிச்சா இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு அர்த்தம். படிக்கிற பிள்ளைய இழுத்து வச்சுப் பேசக்கூடாது. பேச்செல்லாம் ஞாயித்துக்கெழம" என்றார். அம்மா பின்னால் நின்று, ஏற்கெனவே கட்டியிருந்த பொடிப் பொட்டலத்தை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பால்பாண்டி, "எடுத்தா என்னப்பா, வாட்ஸப்தான?" என்றதற்கு, "எடுத்தா பேச்சு வரும், பேச்சு வந்தா அழுகை வரும், பெறகு அது என்னத்தப் படிக்க?" என்றார். ஆக எடுக்கக் கூடாது. வந்த நாளிலிருந்து ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, இங்கே ஷட்டர் விழுகிற நேரத்துக்கு, திரையில் 'அப்பா' என்று வரும், அடிக்கும், நீளமாக அடிக்கும், தானாக ஓயப்போகிற மட்டும் அடித்துவிட்டு நிற்கும். ஏன் இவ்வளவு நேரம் அடிக்கிறார் என்று முதல் வாரம் யோசித்தாள். பிறகு கண்டுபிடித்தாள். அப்பாவின் வலது பெருவிரலுக்கு நுனி கிடையாது. அச்சாபீசில் கட்டிங் மெஷின் எடுத்துக்கொண்டது, அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. நகமில்லாமல் மழுங்கின அந்த விரலைக் கண்ணாடித் திரை மதிக்காது; சிவப்புப் பொத்தானை அவர் அழுத்துவார், அது கேட்காது, மறுபடி அழுத்துவார், ஊதுவார், வேட்டியில் துடைப்பார், அழுத்துவார், அதற்குள் இங்கே சமோராவில் ரிங் போய்க்கொண்டே இருக்கும். இருட்டில் படுத்தபடி அவள் அந்த விரலைப் பார்ப்பாள். ஒவ்வொரு ரிங்கும் அந்த விரல் தோற்ற ஒரு தடவை. பேச்சில்லாமல், செய்தியில்லாமல், அப்பாவின் கையையே தினமும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருப்பது போல. அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் மிச்ச நாளை ஓட்டினாள். வகுப்பில் புரியாத சொற்கள் தலைக்கு மேல் பறந்தபோதும், புதிதாகப் பார்க்கிறவர்களெல்லாம் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட, எந்தக் கன்னம் முதலில் என்று தெரியாமல் மூக்கில் இடித்தபோதும், ஆற்றுப் பாலத்தில் நின்று இந்தத் தண்ணீரில் என் முகம் ஏன் யாரோ போல் தெரிகிறது என்று நின்றபோதும், மத்தியானம் வரும், அந்த விரல் வரும் என்று.

பிறகு ஒருநாள் வரவில்லை. நெட் இருக்காது என்று நினைத்தாள். மறுநாள் வந்தது. இரண்டே ரிங். நறுக்கென்று வெட்டினாற்போல் நின்றது. அதற்கடுத்த நாளும் இரண்டு. நேற்றும் இரண்டு. அது அப்பா இல்லை. அந்த நினைப்பு வந்தபோது அவள் வகுப்பில் இருந்தாள், ஆசிரியை கரும்பலகையில் இறந்தகால வினைகளை எழுதிக்கொண்டிருந்தார். சட்டென்று வெட்டத் தெரிந்த விரல், நுனியுள்ள விரல், இளவட்ட விரல். அண்ணன். அப்பாவின் போனை அண்ணன் எடுத்து, அப்பா அடிப்பது போல அடிக்கிறான். ஏன் அண்ணன் அடிக்க வேண்டும்? அப்பாவுக்கு வேலை அதிகம் என்றால் அம்மா சொல்லியிருப்பாளே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது அண்ணன்தான் எடுத்தான். "அப்பா எங்கண்ணே?" "வேலைக்குப் போயிருக்காரு." "ஞாயித்துக்கெழமையா?" "காலண்டர் ஆர்டர் வந்துருக்கு." "வைகாசி மாசத்துலயா காலண்டர்?" "ஏய், ஒனக்கு அச்சாபீசு நடத்தத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" "தொண்டை ஏன் கட்டியிருக்கு?" "சளி. நீ பரீச்சைக்குப் படி மொதல்ல." "அம்மா?" "கோயிலுக்குப் போயிருக்கு." சரி என்று வைத்துவிட்டாள். அம்மா எப்போதும் கோயிலுக்குத்தான் போயிருப்பாள். வைத்த பிறகுதான் காதுக்குள் அது திரும்ப ஓடியது: அவன் பின்னால் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டக், டக், டக். வீட்டில் நாற்காலி இரண்டுதான். அவ்வளவு நாற்காலி எதற்கு வந்தது? நேற்று விருதுநகரிலிருந்து, ஹாஸ்டலில் கூட இருந்த சுடர்மதி குரல் பதிவு அனுப்பியிருந்தாள், வேறு எதையோ சொல்லிவிட்டுக் கடைசியில், "ஏய், ஒங்கண்ணனை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்டி, மொட்டை பளபளங்குது, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்? கூப்பிட்டேன், பாக்காத மாதிரி போயிட்டான் பெரிய மனுசன்." அதை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மொட்டை என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி. அண்ணன் சாமி கும்பிடாதவன். மயிரை நாளெல்லாம் சீவுகிறவன்.

கேட்டுவிட்டால் முடிந்தது. நேராகக் கூப்பிட்டு, அப்பா இருக்காரா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அவர் இருக்கிறார், இல்லை, இரண்டும்தான். வார்த்தைக்குப் பின்னால் ஒன்றுதான். அதனால் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அச்சாபீசில் அவர் நிற்கிறார், கத்தி இறங்குகிறது, தாள் ஓரம் சீராக விழுகிறது. இந்த ஊர்ச் சுவர்களில் செத்தவர்களின் அறிவிப்பை ஒட்டுகிறார்கள், ஒரு சிலுவை, பெயர், வயது, எந்தத் தேவாலயம், எத்தனை மணி. கல்லூரிக்குப் போகிற வழியில் மருந்துக்கடைச் சுவரில் தினமும் புதிதாக ஒன்று இருக்கும், வயதானவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று படிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், பிறகு காபி குடிக்கப் போவார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து அவளுக்குச் சொந்த ஊர் வந்தது போலிருந்தது. அப்பாவின் ஆபீசில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அவசர வேலை. சாயங்காலம் போட்டோ வந்தால் விடியுமுன் சுவரில் இருக்க வேண்டும். "செத்தவன் காத்திருப்பான், சொந்தக்காரன் காத்திருக்க மாட்டான்" என்று அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார். அப்பாவின் போஸ்டரை யார் வெட்டியிருப்பார்கள்? எந்தப் படம் கொடுத்திருப்பார்கள்? அவருக்குத் தனியாக ஒரு படமும் கிடையாது, ரேஷன் கார்டில் இருக்கிறது, அதில் திருடன் மாதிரி இருப்பார். 'இப்படிக்கு' என்று கீழே பெயர்கள் போடுவார்கள், மகன், மகள். என் பெயரும் இருக்குமா? என் பெயர் அச்சில் வந்து சுவரில் வெயில் பட்டு நிற்க, நான் மட்டும் தெரியாமல் இங்கே பருப்பில் கறித்துண்டைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேனா? அவள் திரும்பிப் படுத்தாள். போன் நழுவி மெத்தையில் விழுந்தது, பதறிப்போய் எடுத்தாள், இன்னும் இல்லை.

அம்மா எப்படி மறைக்கிறாள்? அதுதான் ஆறவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கின உப்பைக்கூட மறுநாள் ஊரறியத் திருப்பிக் கொடுக்கிறவள், இதை மட்டும் எப்படி உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? நெற்றி வெறுமையாக, மூலையில், கால் நீட்டி. சுற்றிலும் பெரியம்மாக்கள், 'பிள்ளைக்கிட்டச் சொல்லிறாத, பரீச்சை இருக்கு.' அம்மா தலையாட்டியிருப்பாள். யார் எது சொன்னாலும் தலையாட்டுவாள். எனக்கு அப்பா, எனக்குத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், என்னைப் படிக்க வைத்தது அவர், பத்தாவதோடு போதும் என்று ஊரே சொன்னபோது நின்றது அவர், நீ என்ன செய்தாய், பொடிப் பொட்டலம் கட்டினாய். இப்படி நினைத்துவிட்டு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் கோபப்பட்டாள். இந்த ஊரில் அவளை எல்லாரும் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அய்யனார் என்று இருக்கிறது, அதனால் வருகைப்பதிவில் 'செஞோரித்தா அய்யனார்.' சாயங்காலம் தேர்வு அறைக் கதவைத் திறந்து அப்படித்தான் கூப்பிடப் போகிறார்கள். அய்யனார்! நான் எழுந்து நின்று, இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சேர்ந்த அன்று அலுவலகத்தில் இருந்த பெண், இவர்களுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு இருக்கும் போல, "இரண்டாவது? அம்மாவுடையது?" என்று விரலை விசைப்பலகை மேல் வைத்துக் காத்திருந்தாள். "எங்களுக்கு ஒன்றுதான்" என்றாள் முனீஸ்வரி. அந்தப் பெண் பாவம் என்பது போலப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

கோபுரத்தில் நாரைகள் அலகைத் தட்ட ஆரம்பித்தன. இந்த ஊரில் கோயில் மணிக்கூண்டெல்லாம் அவற்றின் கூடு. கழுத்தை முதுகுவரை வளைத்து மரத்தை மரத்தால் தட்டுவது போல் தட்டும், தடதடதட, அச்சாபீசில் பழைய டிரெடில் மெஷின் ஓடுகிற சத்தம். அப்பாவுக்குப் பிடிக்கும் இது, போய்ச் சொல்ல வேண்டும், யாரிடம். அப்பா எங்கே போனாலும் காரியம் நடந்துவிடும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த புதிதில் அம்மா வரிசையில் நின்று நின்று, முறை வந்ததும் விரலை வைத்தாள், வேறு விரல் வைத்தாள், சேலையில் துடைத்து வைத்தாள். காலண்டர் தாள் ஒட்டி ஒட்டிப் பசை தின்ற விரல்கள், ஒன்றும் விழவில்லை. கடைக்காரன், "ஏம்மா, ஆளு இருக்கியா இல்லையா? மெசினு ஆளே இல்லங்குது" என்றான். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். "இருக்கேன் சாமி, நல்லாப் பாரு, இந்தா நிக்கேன்." பள்ளிச் சீருடையில் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற முனீஸ்வரிக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. பிறகு அப்பா வேலையிலிருந்து அப்படியே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஆள்காட்டி விரலை வைத்தார், மெஷின் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டது, அரிசி விழுந்தது. அப்பா அப்படி. வந்தால் திறக்கும். அவர் இல்லாத வீடு எப்படித் திறக்கும், நான் படித்து என்ன, யார் பார்க்க, இந்தச் சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்து யார் காதில் சொல்ல, அவருக்குப் புரியாதுதான், புரியாமலே கேட்டுக்கொண்டிருப்பாரே, அதற்காகத்தானே. இன்று அடித்தால் எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாது. எடுத்தால் அண்ணன் குரல் வரும். 'முனீசு' என்பான், பிறகு பேசாமல் இருப்பான், அந்தப் பேசாமையிலேயே எல்லாம் வந்துவிடும். எடுக்காவிட்டால் நாளையும் இரண்டு ரிங், நாளை மறுநாளும், அப்பா இல்லாத ஊரிலிருந்து எல்லாரும் நல்லா இருக்கோம் என்று தினமும். அதை எவ்வளவு நாள் வாங்கிக்கொள்வது? நெஞ்சின் மேலிருந்த போன் அதிர்ந்தபோது அது தன் இதயம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்பா. திரையில் அப்பா. ஒன்று. இரண்டாவது ரிங் எழுவதற்குள் அவள் விரல் பச்சையை இழுத்துவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு. பெரிய மூச்சு. தெருவில் சைக்கிள் மணி ஒன்று, அவள் தெருவின் மணி.

"என்ன தாயி... ஏன் எடுத்த?"

அப்பா. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எடுக்கக் கூடாதுல்ல? என்னமும் ஆச்சா? ஒடம்புக்கா?"

"அப்பா. நீங்களா?"

"நாந்தான். வேற யாரு."

"நல்லா இருக்கீங்களா? நெசமா? எங்கயும் வலி கிலி இல்லையே?"

"எனக்கென்ன. நல்லாத்தான இருக்கேன்." பிறகு, "எனக்கு என்ன வருது" என்றார், யாரையோ குறை சொல்வது போல.

"அண்ணன் எதுக்கு மொட்டை போட்டுச்சு? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்து செத்தேன்ப்பா."

"வேண்டுதல் தாயி. இருக்கங்குடி கோயிலுக்கு."

"அதுவா வேண்டுச்சு? அந்த மூஞ்சியா?" அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, தலையணையைக் கடித்துக்கொண்டாள். "சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. கடையில ரெண்டு இட்லி."

"வெயில்ல திரியாதீங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல பரீச்சைப்பா. ஒங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. நல்லா எந்திரிச்சுப் போவேன் பாருங்க."

"போ. தைரியமாப் போ."

"அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சைக்கிள் மணி மறுபடி கேட்டது, இப்போது தூரத்தில்.

"சொல்றேன் தாயி" என்றார் அப்பா.

அவள் எழுந்து நாடாவைப் பிடித்து இழுத்தாள். ஷட்டர் ஏறி, அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் யாருமே உள்ளே விடாத வெயில் முழுதாக வந்து அறையில் விழுந்தது. மெர்சி பக்கத்து அறையிலிருந்து, "ஏய், கண்ணு கூசுதுடி, லூசு" என்று கத்தினாள். முனீஸ்வரி, "எங்கப்பா இருக்காருடி" என்றாள். மெர்சிக்கு ஒன்றும் புரியவில்லை. தேர்வில் அவள் நன்றாகவே பேசினாள்.

அந்த மத்தியானத்தைப் பற்றி மெர்சி சொன்னது இவ்வளவுதான். ஊர் திரும்பிய அன்று சிவகாசி பஸ் ஸ்டாண்டில் முனீஸ்வரியை அழைத்துப்போக இரண்டு பேர் வந்திருந்தார்களாம். அப்பா, தலையில் முடி குச்சி குச்சியாக முளைக்க ஆரம்பித்திருந்த அண்ணன். பின்னால் யாரும் நிற்கவில்லை. பெட்டியை இறக்குகிற வரைக்கும் அவள் இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று மெர்சி சொன்னபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மிஸ்டு கால் வராமல் போன அந்த ஒரு நாள்தான். வேலையிலிருந்து வந்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா பிறகு எழுந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பெருவிரல் நுனி இல்லாதவருக்கு வேறு விரல் இல்லையா? கிளம்புவதற்கு முன்னால், முனீஸ்வரியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள், அய்யனார் மட்டும் இருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் போனை எடுத்து ஆள்காட்டி விரலால் தொட்டு, தொட்ட வேகத்தில் அணைத்துக் காட்டினார். பிள்ளை எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் அப்படி வெட்டினதாகச் சொன்னார். "அதுக்கு முன்னால நான் அடிச்சதே இல்லம்மா. சொன்னது நான். அடிச்சது அவ. வெளக்கு வச்சுட்டு வந்து உக்காந்து அடிப்பா. பசை தின்ன அந்த வெரலுக்கு இது அடங்காது, அணைக்கத் தெரியாம அமுக்கிக்கிட்டே கெடப்பா."

வெளியே வந்து தெருமுனைச் சுவரில் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாதி கிழிந்திருந்தது. படத்தில் முகம் போய்விட்டது, பெயர் இருந்தது. நீளமாக அடித்த ஒவ்வொரு அழைப்பும் குருவம்மாள் கொடுத்தது.